குனிந்தால் கொட்டும் நீர்: மண்டையோட்டு அடித்தளத்தில் நாங்கள் தவறவிட்ட ஒரு துளை

அந்தப் பெண்மணிக்கு வயது 47. வலது மூக்கிலிருந்து பதினான்கு மாதமாக நீர் வடிகிறது என்று வந்தார். கையில் ஒரு உறை நிறைய மருந்துச்சீட்டுகள். ஒவ்வாமைக்கு மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து, ஆவி பிடிக்கச் சொன்ன குறிப்பு, பிறகு வேறு பெயரில் அதே மாத்திரை. எதற்கும் அந்த நீர் கட்டுப்படவில்லை. கட்டுப்படாததில் வியப்பும் இல்லை. அது மூக்கு சுரந்த நீரே அன்று. மூளையைச் சுற்றி நிற்க வேண்டிய நீர்.

இந்த நோய் அரிதானது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. முதல் அறுவையில் நாங்கள் தவறான இடத்தை அடைத்தோம், அதற்காகத்தான் எழுதுகிறேன். எலும்பு மெலிந்திருந்த இடத்தையும் எலும்பு உண்மையில் திறந்திருந்த இடத்தையும் ஒன்றென்று எண்ணிவிட்டோம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எலும்பையும் எங்கள் பிழையையும் மாற்றவில்லை.

சொன்னது என்ன, கேட்டது என்ன

ஒரு பக்க மூக்கில் மட்டும் வடிகிறது, தண்ணீர்போலத் தெளிவாக இருக்கிறது, தொண்டைக்குள் இறங்கும்போது உப்புக் கரிக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தாலே மூளைத் தண்டுவட நீர்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூக்கையும் பிடிக்கும். தும்மலும் அரிப்பும் கூடவே வரும். இவருக்கு அவை இல்லை. தலையில் அடிபட்டதில்லை, முன்பு மூக்கில் அறுவை நடந்ததில்லை. உடல் எடை மிகுதி. நெடுநாளாகத் தலைவலி இருந்ததாகவும், மூக்கில் நீர் வடியத் தொடங்கிய பிறகு அது குறைந்துவிட்டதாகவும் சொன்னார். இந்தத் தலைவலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் தங்கிக் குணமாகியிருந்தார். நியூமோகாக்கஸ் கிருமி. அங்கே யாரும் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் மூக்கில் வடிவதைக் காய்ச்சலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் எலும்புத் தகடு. அதில் துளை விழுந்தால், மூக்கில் குடியிருக்கும் கிருமிக்கு மூளை உறைவரை நேர்வழி கிடைத்துவிடுகிறது.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். "நாள் முழுக்க வடிவதில்லை, டாக்டர். காலையில் எழுந்து குனிந்தால் ஒரு கரண்டி அளவு ஒரேயடியாகக் கொட்டுகிறது. அப்புறம் மதியம்வரை ஒன்றுமில்லை." என் உதவியாளர் அதை வரி மாறாமல் குறிப்பேட்டில் எழுதினார். நான் அதைப் படித்துக் கையெழுத்தும் இட்டேன். விடை அந்த வரியில் இருந்தது. அது எங்களுக்குப் புரிய ஏழு வாரம் ஆயிற்று.

சொட்டு நீரைக் குப்பியில் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்பினோம். இந்தப் புரதம் மூளைநீரிலும், உட்காதின் நீர், கண்ணின் உட்புற நீர் ஆகியவற்றிலும்தான் காணப்படும். மூக்குச் சளியில் இருக்காது. முடிவு 'உண்டு' என்று வந்தது. சர்க்கரையளவு பார்க்கும் பட்டையை நீரில் தொட்டு முடிவு சொல்லும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடலாம், கண்ணீரிலும் சளியிலும்கூடச் சர்க்கரை உண்டு.

படத்தில் கண்டதும் காணாததும்

நீர் எது என்று தெரிந்தாயிற்று. எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி. அதற்கு எலும்பைப் பார்க்க வேண்டும்.

மண்டையோட்டின் மேற்கூரையும் அடித்தளமும் ஒரே வீட்டின் இரு பகுதிகள் என்றாலும், கட்டப்பட்ட விதம் வேறு. மேற்கூரை எலும்புகள் சவ்விலிருந்து நேராக எலும்பாகின்றன. அடித்தளத்தின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகு எலும்பாக மாறுகிறது. பல துண்டுகள் வளர்ந்து, நடுவில் ஓடும் நரம்புக்கும் தமனிக்கும் இடம் விட்டு ஒன்றோடொன்று இணைகின்றன. அதனால்தான் மேற்கூரை ஒரு கவிழ்த்த சட்டிபோல மழமழப்பாக இருக்க, அடித்தளம் துளையும் பிளவும் மேடும் குழியுமாக இருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் மூன்று படிகள்: முன்குழி மேலே, நடுக்குழி அதற்கும் கீழே, பின்குழி எல்லாவற்றுக்கும் கீழே.

முன்குழியின் நடுவில், இரு கண்களுக்கும் இடையில் உள்ள எத்மாய்டு எலும்பின் சல்லடைத் தட்டு இருக்கிறது. முகர்வு நரம்பின் இழைகள் அதன் துளைகள் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகின்றன. இந்தத் தட்டு அதன் இருபுறமும் உள்ள எத்மாய்டு கூரையைவிடத் தாழ்ந்த ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை 1962இல் கெரோஸ் மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர், 4 முதல் 7, 8 முதல் 16. பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரும் உயரமாகிறது. அந்தப் பக்கச் சுவர் அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்புகளில் ஒன்று. சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. சைனஸ் அறுவை செய்பவர்கள் அஞ்சி நடக்கும் இடம் அது.

எங்கள் நோயாளிக்கு வலப்புறத்தில் கெரோஸ் மூன்றாம் வகை. அந்தப் பக்கச் சுவரில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பே இல்லாததுபோல் சி.டி. படத்தில் தெரிந்தது. கசிவும் வலப்புறம், இடைவெளியும் வலப்புறம். தானாக வரும் கசிவுகளில் சல்லடைத் தட்டு அடிக்கடி காணப்படும் இடம் என்பதும் தெரிந்ததே. நான் திரையில் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டேன். அதற்குமேல் யாரும் தேடவில்லை.

படத்தில் வேறு ஒன்றும் இருந்தது. மூக்குக்குப் பின்னால் ஸ்பீனாய்டு எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் ஸ்பீனாய்டு சைனஸ். வலப்புறம் அதன் பக்கவாட்டில் சாம்பல் நிறமாக எதுவோ தேங்கியிருந்தது. அறிக்கையில் 'சளிச்சவ்வுத் தடிப்பு, சைனஸ் அழற்சியாக இருக்கலாம்' என்று ஒரு வரி. அந்த வரியை நாங்கள் பொருட்படுத்தவில்லை. தலையைப் படம் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு எங்காவது ஒரு சைனஸில் சவ்வு தடித்திருக்கும் என்பது எங்கள் துறையில் பேச்சுவழக்கு. இப்படிப்பட்ட பேச்சுவழக்கு எத்தனை நோயைக் கண்ணுக்கு முன்னாலேயே ஒளித்து வைக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

முதல் அறுவை

மூக்கு வழியாக எண்டோஸ்கோப் கொண்டு செய்தோம். மூளைநீர்க் கசிவை அடைக்க ஒரு காலத்தில் நெற்றியைத் திறந்து மூளையைத் தூக்கித்தான் போக வேண்டும்; 1926இல் வால்டர் டாண்டி செய்தது அப்படித்தான். 1948இல் டோல்மன் மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூடிக் காட்டினார். 1981இல் விகாண்ட் எண்டோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். இன்று தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கசிவுகள் மூக்கு வழியாகவே மூடப்படுகின்றன. இந்த எண்ணிக்கை எங்களுக்கு அளவுக்கு மீறிய தைரியத்தைக் கொடுத்திருந்தது.

நடுச் சங்கெலும்பை ஒதுக்கி, வலப்புற முகர்வுப் பிளவுக்குள் போனோம். அம்புக்குறி காட்டிய இடத்தில் சவ்வு சற்றுப் புடைத்து ஈரமாகத் தெரிந்தது. மூக்குக்குள் எதுதான் ஈரமில்லை? மயக்க மருத்துவர் நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி நிறுத்திப் பார்த்தார். அப்படிச் செய்தால் தலைக்குள் அழுத்தம் கூடிக் கசிவு வெளிப்படும். தெளிவான ஓட்டம் எதையும் காணவில்லை. 'கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவாக இருக்கும்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சங்கெலும்பிலிருந்து எடுத்த சவ்வை அந்த இடத்தில் பரப்பி ஒட்டினோம். படம் பார்த்து வழிகாட்டும் கருவியும் அன்று இயங்கிக்கொண்டிருந்தது. தவறான இடத்துக்கு அது மிகத் துல்லியமாக எங்களை அழைத்துப் போனது.

பதினோராம் நாள் காலை, குளியலறையில் குனிந்தபோது மறுபடி கொட்டியது.

அந்த அறுவையின் விலை அதோடு முடியவில்லை. முகர்வுப் பிளவை ஒட்டுச் சவ்வால் மூடியதில் வலது மூக்கின் வாசனை உணர்வு பெரும்பாலும் போய்விட்டது. அதை அவரிடம் நானே சொன்னேன். "இடது பக்கம் இருக்கிறதே, டாக்டர், அது போதும்" என்றார். அந்தப் பதில் எனக்கு எளிதாக இருக்கவில்லை.

படத்துக்குத் திரும்புதல்

பழைய படங்களைக் கதிரியக்க மருத்துவரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் பெண் ஒருவரும் கூட இருந்தார். அவர் கேட்டார்: "சார், ஸ்பீனாய்டின் பக்கவாட்டில் தேங்கியிருப்பது அழற்சி என்றால் அந்த மூலையில் மட்டும் ஏன் இருக்கிறது? சைனஸின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறதே?" அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஸ்பீனாய்டு சைனஸின் வாய் அதன் முன்சுவரில், தரையைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது. வாய் உயரத்தில் உள்ள பாத்திரத்தில் நீர் சேர்ந்தால் வழியாது, சாய்த்தால்தான் கொட்டும். இரவெல்லாம் மல்லாந்து படுத்திருக்கும்போது நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே நிறைகிறது. காலையில் குனிந்ததும் முன்புறமாகக் கவிழ்கிறது. இதைத் தேக்க அறிகுறி என்பார்கள். சல்லடைத் தட்டில் கசிந்தால் தேங்குவதற்கு அங்கே பாத்திரம் இல்லை. நேரே மூக்குக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெண்மணி முதல் நாளே எங்களுக்குச் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் சல்லடைத் தட்டின் சுவரில் தெரிந்த அந்த இடைவெளி என்ன? ஒன்றுமில்லை. சி.டி. கருவி உடலைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி அடர்த்தியைத் தருகிறது. கட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், உள்ளே இருக்கும் எலும்பு அதில் பத்தில் ஒரு பங்கு, மீதியெல்லாம் காற்றும் மென்திசுவும் என்றால் சராசரியில் எலும்பு கரைந்துபோகும். முதல் படம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் எடுக்கப்பட்டது. 0.6 மில்லிமீட்டர் தடிமனில் புதிதாக எடுத்தபோது, மயிரிழைபோல ஒரு வெண்கோடு அந்தச் சுவர் முழுக்க ஓடியது. எலும்பு இருந்தது. முதல் படத்துக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பீனாய்டு

இந்த எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கு இதற்குள்தான் இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஆப்பு போன்றது' என்று பெயர் வைத்தார்கள். பிரித்தெடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் ஆப்பைவிட, சிறகு விரித்த வௌவாலைத்தான் நினைவூட்டுகிறது: நடுவில் உடல், இருபுறமும் ஒரு சிறு இறக்கை, ஒரு பெரு இறக்கை, கீழே தொங்கும் கால்கள்போல இரண்டு டெரிகாய்டு முனைகள். மூளையைப் பொதிந்திருக்கும் மற்ற ஏழு எலும்புகளையும் தொட்டுக்கொண்டு நிற்கும் எலும்பு இது ஒன்றே. உடலின் மேல்பக்கத்தில் உள்ள சேணம் போன்ற பள்ளத்தில் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உடலின் இரு பக்கத்தையும் ஒட்டிக் கரோட்டிட் தமனி வளைந்து ஏறுகிறது. மேல்மூலையில் பார்வை நரம்பு போகிறது. சைனஸுக்குள் நின்று எண்டோஸ்கோப்பால் பார்த்தால் இந்த இரண்டும் சுவரில் புடைப்புகளாகத் தெரியும். இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு குழிவு. சிலருக்கு அந்தப் புடைப்பின்மேல் எலும்பு முட்டையோட்டைவிட மெல்லியது. சிலருக்குச் சில இடங்களில் எலும்பே இருக்காது, தமனிக்கும் நம் கருவிக்கும் நடுவில் சவ்வு மட்டுமே. சைனஸை இரண்டாகப் பிரிக்கும் தடுப்புச் சுவரும் நடுவில் நேராக நிற்பது குறைவு. பல நேரம் சாய்ந்து போய்த் தமனியின் எலும்புறைமேலேயே முட்டி நிற்கும். அந்தத் தடுப்பைப் பிடித்துத் திருகினால் தமனியின் சுவரும் சேர்ந்து பெயரும். ஆகவே அதைத் திருகக் கூடாது. டிரில்லால் தேய்த்துத்தான் குறைக்க வேண்டும். இதைப் படத்தில் முன்கூட்டியே பார்க்காமல் ஸ்பீனாய்டுக்குள் நுழைபவருக்கு நான் உதவியாளராக நிற்க மாட்டேன்.

பிறக்கும்போது ஸ்பீனாய்டு மூன்று துண்டு: சிறு இறக்கைகளோடு கூடிய உடல் ஒன்று, பெரு இறக்கையும் டெரிகாய்டு முனையும் சேர்ந்த பக்கத் துண்டுகள் இரண்டு. முதல் ஆண்டில் இவை இணைகின்றன. இணைப்பு முழுமையாகாமல் நின்றால் ஒரு கால்வாய் மிஞ்சும் என்று 1888இல் ஸ்டெர்ன்பெர்க் எழுதினார். ஸ்பீனாய்டின் பக்கவாட்டில் கசிவு கண்டால் உடனே 'ஸ்டெர்ன்பெர்க் கால்வாய்' என்று எழுதிவிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கால்வாய் இருந்தால் அது வட்டத் துளைக்கு உட்புறமாக இருக்க வேண்டும். நாம் காணும் கசிவுகளில் பெரும்பாலானவை வட்டத் துளைக்கு வெளிப்புறம். பிறவிக் குறை என்று சொல்லி முடித்துவிட்டால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று யாரும் தேட மாட்டார்கள். அந்தப் பெயரின் உண்மையான கேடு அதுதான்.

வட்டத் துளை என்றேன். பெரு இறக்கையின் அடிப்பகுதியில், மேல்தாடை நரம்பு வெளியேறும் வழி அது. அதற்குக் கீழே, உட்புறமாக, இன்னொரு கால்வாய் முன்பின்னாக ஓடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் விடியஸின் பெயரால் அதை விடியன் கால்வாய் என்கிறோம். கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்குச் சவ்வுக்கும் போகும் நரம்பு அதனுள் இருக்கிறது. முகத்துக்கு இணையாக வெட்டிய சி.டி. படத்தில் இவை இரண்டும் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். சைனஸின் காற்று அந்தக் கோட்டைத் தாண்டி வெளிப்புறம் பரவியிருந்தால், பக்கவாட்டுக் குடைவு இருக்கிறது என்று பொருள். எல்லாருக்கும் இது இருப்பதில்லை. காற்று எவ்வளவு தூரம் எலும்பைக் குடைந்து போகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு; ஒரே ஆளின் இரு பக்கத்திலும்கூட வேறு.

அந்தக் குடைவின் கூரைதான் நடு மண்டைக்குழியின் தரை. கூரைக்கு மேலே மூளையின் பக்கமடல் உட்கார்ந்திருக்கிறது. நடுக்குழித் தரையில், சிலந்தி உறை எனப்படும் மெல்லிய மூளை உறையின் சிறு முடிச்சுகள் எலும்பை அழுத்திக் குழி தோண்டுவதுண்டு. தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிறது. கீழே திண்மையான எலும்பு இருந்தால் அது குழியாகவே நின்றுவிடும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. கீழே காற்றறை இருந்தால் ஒருநாள் திறந்துகொள்ளும். மேலிருந்து அழுத்தமும் கீழிருந்து காற்றும் ஓர் எலும்பை இருபுறமும் அரித்து நடுவில் சந்திக்கும் இடம் இது.

புதிய படத்தில் எல்லாம் இருந்தன. வலப்புறம் கோட்டைத் தாண்டிய பெரிய குடைவு. வட்டத் துளைக்கு வெளியே, கூரையில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. இது மெல்லிய எலும்பின் மாயை அன்று, விளிம்பு தெளிவாக மழுங்கி இருந்தது. சுற்றிலும் எலும்பில் சிறு குழிகள். எம்.ஆர்.ஐ.யில் மூளைத்திசுவின் ஒரு சிறு நாக்கு அந்த வழியாகக் கீழே இறங்கியிருந்தது. பிட்யூட்டரி இருக்க வேண்டிய சேணத்தில் பெரும்பாலும் நீர். சுரப்பி தரையோடு நசுங்கிக் கிடந்தது. நாட்பட்ட உயரழுத்தத்தின் முத்திரை இது. முதல் எம்.ஆர்.ஐ.யிலும் அது இருந்திருக்கிறது.

இரண்டாம் அறுவை

ஸ்பீனாய்டை வழக்கம்போல நடுவிலிருந்து திறந்தால் இந்தக் குடைவுக்குள் பார்க்க முடியாது. வளைந்த கண்ணாடி கொண்ட எண்டோஸ்கோப் மூலையை எட்டிப் பார்க்கும், கருவி எட்டாது. பார்க்க முடிகிற இடத்தையெல்லாம் சரிசெய்துவிட முடியும் என்று நினைப்பது இந்தத் துறையின் பழைய மயக்கம். நேராகப் போக வேண்டுமென்றால், குடைவுக்கு முன்னால் நிற்கும் டெரிகாய்டு முனையின் அடிப்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டு அதன் வழியாகவே நுழைய வேண்டும்.

அறுவைக்கு முன் முதுகுத் தண்டில் ஊசி போட்டு, கசியும் நீரைப் பச்சையாகக் காட்டும் 10 சதவீத ஃப்ளூரசீன் சாயத்தில் 0.1 மில்லிலிட்டரை நோயாளியின் சொந்த மூளைநீர் 10 மில்லிலிட்டரில் கலந்து மெதுவாகச் செலுத்தினோம். அளவு மிகுந்தால் வலிப்பு வரக்கூடும். அதனால் கலக்கும் அளவை இருவர் தனித்தனியாகச் சரிபார்த்தோம்.

வலது மேல்தாடைச் சைனஸை அகலமாகத் திறந்து, எத்மாய்டு அறைகளை நீக்கி, ஸ்பீனாய்டின் முன்சுவரை எடுத்தோம். பார்வை நரம்பின் புடைப்பு, தமனியின் புடைப்பு, இடையிலுள்ள குழிவு ஆகிய மூன்றையும் கண்ணால் கண்டு, வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்த பிறகே அடுத்த அடி எடுத்தோம். மூக்குச் சவ்வுக்கு இரத்தம் தரும் ஸ்பீனோபாலட்டைன் தமனியைச் சுட்டு அடைத்தோம். மேல்தாடைச் சைனஸின் பின்சுவர் மெல்லிய எலும்பு. அதைக் கடித்து எடுத்தால் டெரிகோபாலட்டைன் குழியின் கொழுப்பு தெரியும். அந்தச் சிறு குழிக்குள் தமனிகள் முன்புறம், நரம்புகள் பின்புறம். இந்த ஒழுங்கு மாறுவதில்லை என்பது அறுவை செய்பவருக்குப் பெரிய ஆறுதல். உறையைக் கிழிக்காமல் குழியின் பொருள்களை முழுதாகப் பெயர்த்து வெளிப்புறம் ஒதுக்கினோம்.

பின்னால் எலும்புத் தரை. அதில் கீழே உட்புறம் விடியன் கால்வாய், மேலே வெளிப்புறம் வட்டத் துளை. படத்தில் பார்த்த இரண்டு கரும்புள்ளிகள் இப்போது இரண்டு நரம்புகளாக எதிரே நின்றன. விடியன் கால்வாய் பின்னோக்கிப் போய்க் கரோட்டிட் தமனியின் வளைவுக்கு அருகில் முடிகிறது. ஆகவே அதன் கீழ்ப்புறத்தையும் உட்புறத்தையும் பிடித்துக்கொண்டு தேய்ப்பவர்கள் தமனிக்கு முன்னாலேயே எச்சரிக்கை பெறுவார்கள். எங்களுக்கு அவ்வளவு பின்னால் போகும் தேவை இருக்கவில்லை. இரண்டு நரம்புகளுக்கும் இடையில் இருந்த எலும்பை வைர முனையால், நீர் பாய்ச்சிக்கொண்டே, மெல்ல மெல்லத் தேய்த்தோம். நீர் நின்றால் வைர முனையின் சூடு நரம்பைச் சுட்டுவிடும். ஏறக்குறைய நாற்பது நிமிடம் இதற்கே போயிற்று. டிரில்லின் ஓசை மாறியது. எலும்பு நீலச்சாம்பலாகத் தெரிந்தது. பிறகு குடைவு திறந்தது.

உள்ளே பச்சை. நீல ஒளியைப் போட்டதும் அந்த மூலை முழுக்க மின்மினிபோல ஒளிர்ந்தது. கூரையில் பட்டாணி அளவில் ஒரு பிதுக்கம், நாடியோடு சேர்ந்து துடித்தது. அதன் ஓரத்திலிருந்து பச்சை நீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் அறுவையில் நாங்கள் ஒரு மணி நேரம் தேடிக் காணாத ஓட்டம் இது.

பிதுங்கி நிற்கும் மூளைத்திசு பணியை இழந்த திசு. அதைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. இருமுனை மின்கருவியால் சுருக்கி, எலும்பு விளிம்புவரை கொண்டுவந்தோம். எலும்பில் இருந்த குறை 5க்கு 4 மில்லிமீட்டர். குடைவின் சளிச்சவ்வை முழுதாக உரித்தெடுத்தோம். ஒட்டுக்கு அடியில் சவ்வு மிச்சமிருந்தால் பல ஆண்டுக்குப் பிறகு அங்கே சளிக்கட்டி கட்டும், ஒட்டும் எலும்பைப் பற்றாது. தொடையிலிருந்து எடுத்த தசையுறையில் ஒரு துண்டை எலும்புக்கு மேலே, டியூரா எனப்படும் தடித்த மூளை உறைக்கு அடியில் செருகினோம். மூக்கு நடுச்சுவரிலிருந்து எடுத்த எலும்புச் சில்லு ஒன்றைத் தாங்கலாக வைத்தோம். இன்னொரு துண்டு உறையைக் கீழிருந்து ஒட்டி, கொழுப்பால் குடைவை நிரப்பினோம்.

மூக்கு நடுச்சுவரின் சவ்வைத் தமனியோடு திருப்பி மூடும் மடலை 2006இல் ஹதாத், பாசகாஸ்டேகி ஆகியோர் வெளியிட்ட பிறகு, பெரிய குறைகளை மூடுவதே எளிதாகிவிட்டது. இங்கே அது உதவாது. வலப்புற மடலுக்கு உயிர் கொடுக்கும் தமனியை இந்த வழியில் வரும்போதே நாம் அடைத்துவிட்டோம். இடப்புற மடல் நடுச்சுவரைத் தாண்டித் திரும்பி இந்த மூலையை எட்ட வேண்டும். அளந்து பார்த்தோம், இழுத்துப் பிடித்தால்தான் எட்டும். இழுவையில் நிற்கும் மடல் சுருங்கும்போது விலகிவிடும். சிறிய குறைக்கு நன்றாகப் பதிந்த தனி ஒட்டே போதும் என்று முடிவு செய்தோம். வேறொருவர் வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

பின்னர் நடந்தவை

கசிவு நின்றது. நான்காம் நாள் தலைவலி வந்தது.

முதல் நாள் அவர் சொன்ன பழைய தலைவலிதான். பதினான்கு மாதத்துக்கும் மேலாக எலும்பில் இருந்த துளை ஒரு வடிகாலாக இருந்து தலைக்குள் அழுத்தத்தைத் தணித்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் மூளைநீர் சுரக்கிறது. எந்த நேரமும் உள்ளே இருப்பது 150 மில்லிலிட்டர் அளவே. வடிகாலை அடைத்துவிட்டால் அழுத்தம் மறுபடி ஏறும். கசியும்போது அழுத்தத்தை அளந்தால் இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதால், மூடிய பிறகே அளப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தோம். முதுகுத் தண்டு ஊசியில் அழுத்தம் 31 சென்டிமீட்டர் நீர்மட்டம். 25ஐத் தாண்டினாலே உயர்வு. கண் மருத்துவர் விழித்திரையில் நரம்பின் விளிம்பு லேசாக மங்கியிருப்பதைக் கண்டார்.

மூளைநீர் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடு 500 மில்லிகிராம் நாளுக்கு இரு வேளை தொடங்கினோம். விரல் நுனி மரத்துப்போகும், சோடா குடித்தால் சுவை கெடும் என்று முன்பே சொல்லிவைத்தோம், இரண்டும் நடந்தன. எடைக் குறைப்புக்கு நரம்பியல் மருத்துவரும் உணவியலாளரும் பொறுப்பேற்றார்கள். அழுத்தத்தைக் கவனிக்காமல் துளையை மட்டும் அடைத்தால், ஒட்டு பெயரும், அல்லது குழி விழுந்த எலும்பின் இன்னொரு புள்ளி திறக்கும். நியூமோகாக்கஸ் தடுப்பூசி போடப்பட்டது. ஆறு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

மேல்தாடை நரம்பை ஒதுக்கியதால் வலது கன்னமும் மேல்வரிசை ஈறும் மரத்திருந்தன; பத்து வாரத்தில் உணர்வு திரும்பியது. விடியன் நரம்பு காப்பாற்றப்பட்டதால் கண் வறளவில்லை. பதினெட்டு மாதம் ஆகியும் கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை; விழித்திரை இயல்புக்குத் திரும்பியிருக்கிறது. வலது மூக்கின் வாசனை திரும்பவில்லை.

பயிற்சி மாணவர்களுக்கு அந்த முதல் சி.டி. படத்தைக் காட்டி 'கசிவு எங்கே?' என்று கேட்பது இப்போது எங்கள் வழக்கம். சிவப்பு அம்புக்குறியை நான் அழிக்கவில்லை. பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டுச் சல்லடைத் தட்டு என்கிறார்கள். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பின்னால் உள்ள வெட்டுக்குப் படத்தை நகர்த்தி, வட்டத் துளைக்கு வெளியே உள்ள அந்தச் சாம்பல் மூலையில் நிறுத்துகிறேன். அங்கே யாரும் அம்புக்குறி போடவில்லை.